காற்றிலிருந்து சாராயம் காய்ச்சுகிறவள்

1

போனை எடுத்ததும் முதலில் சிரிப்புதான் கேட்டது. என் அண்ணன் முருகேசன் செம்பட்டிக்குப் பக்கத்தில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறவர். சிரித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“ஏ புள்ள செல்வராணி, நீ அங்க காத்துல இருந்து சாராயம் காய்ச்சுறியாமே? ரெட்டியார்சத்திரம் பூரா அதான் பேச்சு.”

“யாருண்ணே அப்படிச் சொன்னா?”

“நீ அனுப்புன செய்தியை எம்மவன் தமிழ்ல மாத்தி வாட்ஸப்புல போட்டான். எத்தனாலுன்னா என்னப்பான்னு ஒருத்தரு கேட்டிருக்காரு. சாராயத்துல இருக்குறதுதான்னு இவன் எழுதிட்டான். அம்புட்டுத்தான். நேத்துப் பங்குக்கு வந்த ஆளு, ‘ஒங்க தங்கச்சி ஊருக்கு வாரப்ப ஒரு கேன் கொண்டாருமா’ன்னு கேக்குறான்.”

“அது வண்டிக்கு ஊத்துறதுண்ணே.”

“அது இன்னும் மோசம். நீயே காத்துல இருந்து வண்டிக்கு ஊத்திப்பிட்டா, நான் பங்கைப் பூட்டிட்டு எங்க போறது? ஒன் வீட்டு வாசல்ல வந்து உக்காரவா?”

அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டார். அம்மா பிறந்தது ஒட்டன்சத்திரம் பக்கம். ரெட்டியார்சத்திரத்துக்கு வாக்கப்பட்டு வந்து இத்தனை வருடம் ஆகியும் பேச்சு மட்டும் மாறவில்லை.

“கண்ணு, ஆரு கேட்டாலும் பெட்ரோலுன்னே சொல்லிப்போடு. சாராயம்னு பேரு வந்துருச்சுன்னா நாளைக்கு மீராவுக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமா சாமி?”

மீரா என் மகள். வயது பதின்மூன்று. ஜெர்மனியில் வளர்கிறாள். அம்மம்மா எதற்காகக் கவலைப்படுகிறார் என்று தெரிந்தால் அவரோடு பேசுவதையே நிறுத்திவிடுவாள்.

ஆகவே ஊருக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டியது என் கடமையாகிவிட்டது. நான் சாராயம் காய்ச்சவில்லை. காய்ச்சாமல்தான் எடுக்கிறேன். எப்படி எடுத்தாய் என்று கேட்டால்தான் சிக்கல். கடந்த ஒரு வருடமாக அது எனக்கே பிடிபடாமல் தலை சுற்றிக் கிடந்தேன். இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது என்று இங்கே இருக்கிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கென்னவோ குழப்பம் கூடியிருப்பதாகத்தான் படுகிறது.

2

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காற்றில் இருக்கிற கரியமில வாயுவைத் தண்ணீருக்குள் விட்டு, அதில் ஒரு செம்புத் தகட்டை நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினால், வாயு வேறு பொருளாக மாறும். சாதாரணத் தகடாக இருந்தால் கண்டது கழியது எல்லாம் கலந்து வரும், அதிலும் பெரும்பாலும் வாயுக்கள். நமக்கு வேண்டியது வண்டியில் ஊற்றக்கூடிய திரவம். அதற்குச் செம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு கட்டிகளை வளர்க்க வேண்டும். ஒரு தலைமுடியின் குறுக்கே அவற்றை நூற்றுக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு சிறிது. உருண்டையாக வளர்ந்தால் பிரயோசனம் இல்லை. சதுரமாக, சர்க்கரைக் கட்டி மாதிரி வளர வேண்டும். அந்தச் சதுர முகங்களில்தான் கரி அணுக்கள் இரண்டிரண்டாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. அப்படிச் சேர்ந்தால்தான் எத்தனால் கிடைக்கும். இத்தனையிலும் செம்பு செலவாகாது. கல்யாணத் தரகர் இரண்டு வீட்டைச் சேர்த்துவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவது போல அது பாட்டுக்கு இருக்கும். வினையூக்கி என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

அந்தக் கட்டிகளைச் சதுரமாக வளரவைப்பதுதான் என் வேலை. ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் தகட்டை முக்கி, மின்சாரத்தை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் பாய்ச்சினால் கட்டிகள் வளரும். எந்த வேகத்தில் மாற்ற வேண்டும், எவ்வளவு நேரம் என்பதைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். பிறகு செய்து பார்ப்பேன். சரிவராது. மறுபடி கணக்கு. ஆறு வருடமாக இதுதான் பிழைப்பு.

வெளிநாட்டுப் பிழைப்பை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஊரை நினைத்துக் கண்ணீர் விடுவது வழக்கம். எனக்கு அப்படி ஒன்றும் பெரிய ஏக்கம் இல்லை. எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் தலைக்குக் குளித்துக் குளித்து முடி கொட்டியதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. துணி வெளுக்காது, பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்கிற தண்ணீருக்குத் தனிக் குடம், மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர். அந்த இரண்டு தண்ணீருக்கும் நடுவில் வளர்ந்துவிட்டு, திண்டுக்கல்லில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய் வேதியியல் படித்தேன். தப்பித்தோம் என்றுதான் கிளம்பி வந்தேன்.

ஆனால் உடம்பு அப்படி நினைக்கவில்லை போலிருக்கிறது. மீராவிடம் என்னைப் பற்றி ஒரு குற்றப்பத்திரிகையே உண்டு. கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பைகளை மெத்தைக்கு அடியில் மடித்து வைக்கிறேனாம். பஸ்ஸில் போனில் பேசினால் ஊருக்கே கேட்கிறதாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து சூட்டோடு எடுத்த டம்ளரை மறுபடி குழாயில் காட்டி ஓர் அலசு அலசிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறேனாம். “அது சுத்தமாகத்தானே இருக்கிறது, தண்ணீர் வீண்தானே” என்று ஜெர்மனில் கேட்பாள். நான் தமிழில் “சும்மா இரு” என்பேன். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சுவார்த்தை இப்படித்தான் நடக்கிறது.

3

ஜெர்மனிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. எந்த இடத்தில் எது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வம்பு வேண்டாம் என்று எல்லோரையும் நீங்கள் என்றே சொல்லிவந்தேன். மீராவின் தோழிகளையும் நீங்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு நாயை “நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்” என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டம்மா இன்னமும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் வெர்னர்தான் என்னை வற்புறுத்தி மாற்றியவர். “இங்கே எல்லோரும் நீ தான். என்னையும் நீ என்றே சொல்” என்றார். என் அப்பா வயதுக்குக் கொஞ்சம் குறைந்தவர். நாக்கு எழவில்லை. வருடக்கணக்கில் பழகிப் பழகித்தான் அவரை நீ என்று சொல்ல வந்தது. அவர் என்னை நீ என்று கூப்பிடும்போது மட்டும், நானும் இந்த இடத்து ஆள்தான் என்று ஒரு நினைப்பு வரும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அந்த நினைப்பு கிடையாது. நிரந்தர அனுமதி கேட்டு நான் போகும்போதெல்லாம் ஒரு தாள் குறையும். அந்தத் தாளை வாங்கி வருவதற்குள் ஏற்கெனவே கொடுத்த தாள் காலாவதியாகியிருக்கும். ஆகவே வேலை ஒப்பந்தம் எதுவரையோ அதுவரைக்கும் மட்டுமே இருக்க அனுமதி. அடுத்து வந்த வசந்தத்தோடு ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. அதற்குள் வெர்னர் கையெழுத்துப் போட்டு நீட்டித்தால் இருக்கலாம். இல்லையென்றால் மீராவின் பள்ளி, அவள் தோழிகள், அவள் புல்லாங்குழல் வகுப்பு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்ட வேண்டியதுதான். என் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார், குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாத வேலை. மீராவுக்கும் எனக்கும் என் ஒப்பந்தம் ஒன்றுதான் பிடிமானம். இந்த நிலையில்தான் தகடு வேலை செய்ய ஆரம்பித்தது.

4

ஒரு நாள் திடீரென்று வந்துவிட்டது. அளவுக் கருவியில் எத்தனால் கோடு எழும்பி நின்றது. நான் நம்பவில்லை. மறுநாள் புதிதாக ஒரு தகடு செய்தேன், அதிலும் வந்தது. அந்தக் கரி, வாயுவிலிருந்துதான் வருகிறதா, வேறு ஏதாவது அழுக்கிலிருந்து வருகிறதா என்று அடையாளம் வைத்த வாயுவை விட்டுச் சோதித்தேன். வாயுவிலிருந்துதான். நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டிகள் அத்தனையும் சதுரம் சதுரமாக நின்றன. மீராவுக்குப் பெரிய கேக் வாங்கிப்போனேன். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை.

என் மேசைக்கு எதிர்ப்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை செய்கிறவள் கத்ரின். நல்ல பெண். அவள் அதே தகடு, அதே ரசாயனப் புட்டி, அதே கணக்கு வைத்துக்கொண்டு செய்தாள். வரவில்லை. உருண்டைகள்தான். மறுபடி செய்தாள், வரவில்லை. வடக்கே வேறொரு நகரத்தில் எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் குழு ஒன்று இருக்கிறது. அவர்களும் செய்து பார்த்துவிட்டு, வரவில்லை என்று எழுதினார்கள். நான் செய்தால் மட்டும் வந்தது.

கைராசி என்று எங்கள் ஊரில் ஒன்று சொல்வார்கள் என்று கத்ரினுக்கு விளக்கினேன். சிலர் நட்டால் செடி பிழைக்கும், சிலர் கை பட்டால் வியாபாரம் ஓடும் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற வெர்னர் சிரிக்கவில்லை. எங்கள் தொழிலில், ஒருத்தி செய்தால் மட்டும் வருகிறது என்றால் அதற்குக் கைராசி என்று பெயர் இல்லை.

வடக்கேயிருந்து இரண்டு பேர் நேரில் வந்தார்கள். எல்லோர் முன்னாலும் ஒருமுறை செய்து காட்டிவிடலாமே என்று வெர்னர் இயல்பாகச் சொல்வது போலச் சொன்னார். என்னைச் சுற்றி நான்கு பேர். மாமியார் முன்னால் முதல்முதலாகச் சாம்பார் வைக்கும் மருமகள் கதியாகிவிட்டது என் கதி. செய்முறைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்து, படித்ததை மட்டும் செய்தேன். ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு சோதனையைச் செய்ததில்லை.

வரவில்லை. எத்தனால் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

வந்தவர்களில் ஒருவர் தன் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். கத்ரின் என் முகத்தைப் பார்க்காமல் குவளைகளைக் கழுவப் போனாள். மாலையில் வெர்னர் தன் அறைக்குக் கூப்பிட்டார். இதுவரை எடுத்த எல்லா அளவுகளையும், திருத்தாமல், கருவி கொடுத்தபடியே கொண்டுவரச் சொன்னார். ஒப்பந்தப் பேச்சைச் சற்றுத் தள்ளிவைக்கலாம் என்றார். அதெல்லாம்கூடப் பரவாயில்லை.

“இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று நீங்கள் எனக்குச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார்.

நீங்கள் என்று சொன்னார். அவருக்கே தெரிந்து சொன்னாரா என்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது அழுதேன். எதிரில் இருந்த ஒருவர் காகிதக் கைக்குட்டை நீட்டினார். அவருக்கு நன்றி சொல்லும்போதும் நீயா நீங்களா என்று ஒரு வினாடி யோசித்தேன். என் புத்தியை என்ன சொல்வது?

5

அடுத்த வாரம், கத்ரின் விடுப்பில் இருந்த ஒரு நாள், தனியாகச் செய்தேன். வந்துவிட்டது.

சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. நானே எனக்குத் தெரியாமல் ஏதாவது தில்லுமுல்லு செய்கிறேனா? ஆள் இருந்தால் வராது, ஆள் இல்லாவிட்டால் வரும் என்றால் இது வேதியியலா, பேய் பிசாசு விவகாரமா? வெர்னரிடம் போய் மறுபடி வந்துவிட்டது, ஆனால் அப்போது யாரும் இல்லை என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? நான் அவராக இருந்தால் என்ன நினைப்பேன்? யோசிக்க யோசிக்க நான் பொய் சொல்கிறவள்தானோ என்று எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. மின்சாரம், தகடு, வாயு, வெப்பம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கத்ரினின் புட்டிகளை நான் எடுத்துக்கொண்டு, என் புட்டிகளை அவளுக்குக் கொடுத்தேன். எனக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை.

அம்மாவிடம் பேசினால் மனசு ஆறும் என்று போன் செய்தேன். எப்படிச் சொல்வது, எதைச் சொல்வது?

“சத்தமே ஒரு மாதிரி இருக்குது? சாப்ட்டியா கண்ணு?”

“சாப்பிட்டேம்மா.”

“வேலையெல்லாம்?”

“போகுதும்மா.”

“போகட்டும் போ. அய்யலூரு சந்தையில உங்கண்ணன் ரெண்டு ஆடு புடிச்சாந்தான். ரெண்டும் நான் வச்சா ஒரு வாயும் திங்க மாட்டேங்குது. உங்க மதினி வச்சாத்தான் திங்குது. என்ன வெனையோ தெரியல.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “எனக்கும் அப்படித்தாம்மா” என்றேன். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

6

இங்கே பெண்பிள்ளைகளை வருடத்தில் ஒருநாள் பெற்றோரின் வேலையிடத்தைப் பார்த்து வரும்படி பள்ளியிலிருந்து அனுப்புவார்கள். மீராவுக்கு என்னோடு வர விருப்பமே இல்லை. தோழியின் அப்பா விமான நிலையத்தில் வேலை செய்கிறார், அங்கே போகத்தான் ஆசை. இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னோடு வந்தாள்.

பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டி ஒரு முக்காலியில் உட்காரவைத்தேன். அவளிடம் என் அவமானத்தைப் பற்றி நான் சொல்லியிருக்கவில்லை. அவள் முன்னால் எனக்குப் பயமும் இல்லை. தமிழில் கதை பேசிக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன். செம்பு எப்படி, வாயு எப்படி என்று சொல்லச் சொல்ல அவள் போனைப் பார்த்தபடி ம், ம் என்றாள். இழுப்பறையைத் திறந்தேன். அமிலத்தில் ஊறவைத்து, சுத்தமான நீரில் கழுவிக் காயவைத்து மூடிவைத்த குவளையை எடுத்தேன். தகட்டை எடுத்தேன். புட்டியை எடுத்தேன்.

“அம்மா, இங்கயுமா?”

மீரா போனை விட்டுவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன இங்கயுமா?”

“வீட்ல பண்ணுற மாதிரி இங்கயும் அலசுற.”

கையைப் பார்த்தேன். குவளை ஈரமாக இருந்தது. பக்கத்துக் குழாயிலிருந்து இன்னும் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. நான் குழாயைத் திறந்ததே எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கத்ரின் திரும்பினாள். “அவள் என்ன சொன்னாள்?” என்று கேட்டாள். மீராதான் ஜெர்மனில் சொன்னாள். எங்கள் அம்மா சுத்தமான டம்ளரைத்தான் கழுவுவாள், எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டாள், தண்ணீர் எவ்வளவு வீணாகிறது தெரியுமா என்று புகார் சொல்கிற குரலில் சொன்னாள். கத்ரின் எழுந்து வந்தாள். குவளையை வாங்கிப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். பிறகு தன் இழுப்பறையிலிருந்து ஒரு குவளையை எடுத்து, குழாயில் காட்டி, அலசி, ஓர் உதறு உதறினாள்.

அன்று மதியம் கத்ரினின் தகட்டில் கட்டிகள் சதுரமாக வளர்ந்தன.

விஷயம் வேறொன்றுமில்லை. குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருக்கிறது. அலசி உதறிய குவளையில் ஒட்டியிருக்கும் அந்தத் துளி உப்பு, கட்டிகளைச் சதுரமாக வளரவைக்கிறது. உப்புக்கு அப்படி ஒரு குணம் உண்டு என்பது தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மீச்சுத்தமான தண்ணீரைத் தவிர எதையும் தொடாத ஓர் இடத்தில் அந்த உப்பு எங்கிருந்து வரும் என்று யாருமே தேடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு ஆட்கள் நின்றபோது நான் தாளில் இருந்ததை மட்டும் செய்தேன். தாளில் அலசு என்று எழுதியிருக்கவில்லை.

இவ்வளவு நாளும் பக்கத்திலேயே இருந்த கத்ரினுக்கு அது தெரியவில்லை. என் ஊர் ஆள் யாராவது வந்து பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவர்களும் அலசுகிறவர்கள்தானே, கண்ணில் உறுத்தியிருக்காது. என் வீட்டிலேயே வளர்ந்து, என் பழக்கம் எதுவும் ஒட்டாமல் போய்விட்டாளே என்று நான் புலம்புகிற இந்தப் பெண்ணுக்குத்தான் தெரிந்தது. அவள் என்னிடமிருந்து விலகிப் போவது என்னைக் காப்பாற்றிவிட்டது என்று இதை எடுத்துக்கொள்வதா? அதற்காகச் சந்தோஷப்படுவதா? எனக்குத் தெரியவில்லை.

7

வடக்கே இருப்பவர்களுக்கும் எழுதினோம். அவர்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு குறைவாம். அலசினால் வரவில்லை, துளி உப்புச் சேர்த்ததும் வந்தது. வெர்னர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உன்மேல் எங்களுக்கு எப்போதும் நம்பிக்கை இருந்தது” என்றார்.

மறுபடி நீ. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எப்போது இருந்தது, நீங்கள் என்று சொன்னீர்களே அன்றைக்கா என்று கேட்டிருக்க வேண்டும். நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் மறுபடி ஒரு தாள் குறைந்தது, அது வேறு கதை. கட்டுரையில், உப்பு என்று சொல்லாமல், அளந்த அளவு குளோரைடு சேர்க்கப்பட்டது என்று கௌரவமாக எழுதினோம். அந்தக் கட்டுரையைப் பற்றி நான் அனுப்பிய செய்தியைத்தான் அண்ணன் மகன் வாட்ஸப்பில் சாராயமாக்கினான்.

ஆறு வருடம் கணினியில் கணக்குப் போட்டு வடிவமைத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வடிவமைத்தது நானா, என் கையா? என் கை என்றால் அது என்னுடையதா, அம்மாவினுடையதா? பூ வியாபாரி வந்தாலும், மீட்டர் கணக்கெடுக்கிறவர் வந்தாலும், அம்மா டம்ளரை எடுத்து உப்புத் தண்ணீரில் ஓர் அலசு அலசி, கறிவேப்பிலைச் செடிப் பக்கம் வீசிவிட்டு, குடத்திலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். உப்பில் ஓர் அலசு, அப்புறம் நல்ல தண்ணீர். அப்படியே நானும் செய்திருக்கிறேன். எதற்காகச் செய்கிறோம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மீரா கேட்டாள், நான் சும்மா இரு என்றேன். இப்போது நானே அம்மாவிடம் கேட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது, மீரா சோபாவில் படுத்திருந்தாள்.

“ஏம்மா, கழுவி வச்ச டம்ளரை எதுக்கு மறுபடி அலசுறோம்?”

“இதென்ன கண்ணு கேள்வி? கழுவித்தான் வச்சிருக்கறோம்னு நமக்குத் தெரியும். வந்தவிங்களுக்குத் தெரியுமா? அவிங்க கண்ணு முன்னால ஒரு அலசு அலசிக் குடுத்தாத்தான் நம்பிக் குடிப்பாங்க.”

“ஆளே இல்லாதப்பவும் நீ அலசுறியே?”

“பழகுன கைதானே சாமி. ஆளு இருந்தா ஒரு கை, ஆளு இல்லாட்டி ஒரு கைன்னு வச்சுக்க முடியுமா?”

ஆள் முன்னால் செய்ய வேண்டியதை நான் ஆள் இல்லாதபோது மட்டும் செய்திருக்கிறேன். அவர்கள் என்னை நம்பாமல் போனதற்கு நான் அவர்கள் மேல் கோபப்படுவதா, என் மேல் கோபப்படுவதா? மீரா சோபாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

8

போன சனிக்கிழமை வெர்னர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கட்டுரை வெளிவந்ததைக் கொண்டாட வேண்டும், உன் கையால் சாப்பிட வேண்டும் என்று அவரே கேட்டு வந்தார். சீரகச் சம்பா அரிசி தேடி இரண்டு கடை அலைந்து பிரியாணி செய்தேன். காரம் குறைத்துத்தான் போட்டேன். அப்படியும் மூன்றாவது வாயில் அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

தண்ணீர் கேட்டார்.

எழுந்து போய் இயந்திரத்தைத் திறந்து ஒரு டம்ளரை எடுத்தேன். கை தன்னால் குழாய்ப் பக்கம் போனது. நிறுத்தினேன். அந்த நாளுக்குப் பிறகு என் கை முன் மாதிரி இல்லை. டம்ளரை எடுக்கும்போதெல்லாம் இப்போது அலசப் போகிறோம் என்று தெரிந்துவிடுகிறது. வெர்னர் சமையலறையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார். எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்ட அதே முகம். இவருக்கு நான் எதற்காக அலச வேண்டும்? நம்புகிறவர் எப்படியும் நம்பட்டும். அலசாமலே நிரப்பிக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது என்று தெரிந்தும் செய்தேன். ஏதோ பெரிதாகப் பழி தீர்த்துக்கொண்ட மாதிரி இருந்தது.

மீரா டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வெர்னர் அதை எடுக்கக் கை நீட்டியபோது அவள் எழுந்து, “ஒரு நிமிஷம்” என்று ஜெர்மனில் சொல்லி டம்ளரை எடுத்துக்கொண்டாள். தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். குழாயைத் திறந்து, அவர் பார்க்கும்படி நிதானமாக ஓர் அலசு அலசி, ஓர் உதறு உதறினாள். மறுபடி நிரப்பிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். என் பக்கத்தில் உட்காரும்போது மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

“பாவம்மா.”

வெர்னர் ஒரே மூச்சில் குடித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, காலி டம்ளரை என்னிடம் நீட்டி, இன்னும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்தேன்.